குளியலறையில் ஆயிரத்து இருபத்திரண்டு

அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் குளியலறையில், தொட்டிக்குப் பக்கத்தில், மூடியிட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் வாளி ஒன்றில் பியர் இருந்தது. நான் வேலை முடிந்து வந்து, பனி ஒட்டிய சப்பாத்தைக் கழற்றக் குனியும்போதே உள்ளேயிருந்து என் கணவரின் குரல் வரும்.

“இஞ்சாரும், வந்திட்டீரோ? ஒருக்கா வந்து இதைப் பாரும்.”

வாளியின் குழாயைத் திறந்து ஒரு ஒடுக்கமான கண்ணாடி உருளையில் கொஞ்சம் பியர் பிடித்து வைத்திருப்பார். அதற்குள் காய்ச்சல் பார்க்கிற கருவியைப் போல ஒரு கண்ணாடிக் குச்சி மிதக்கும். அடியில் குண்டு, மேலே மெல்லிய கழுத்து. கழுத்தில் மயிரிழை போலக் கோடுகள். பியரின் மட்டம் எந்தக் கோட்டில் நிற்கிறதென்று நான் வாசித்துச் சொல்ல வேண்டும்.

அப்போது நான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராக இருந்தேன். விடியமுன் எங்கள் பகுதியான குரோருட்டில் சுரங்க ரயில் ஏறிப் போய், காலையிலிருந்து கிழவர்களைத் தூக்கி, கழுவி, உடுத்தி, ஊட்டி, இரத்த அழுத்தம் பார்த்து, காய்ச்சல் பார்த்து, விரலில் குத்திச் சீனி பார்த்து, யார் எவ்வளவு குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனது என்று அளந்துவிட்டு வருவேன். வீடு வரும்போது வெளியே இருட்டிவிடும். கால் இரண்டும் வேறு யாருடையவோ போல இருக்கும். அந்த நேரத்தில் இன்னொரு இலக்கத்தை வாசிக்க என்னைக் கூப்பிடுவதைப் போல எரிச்சலூட்டிய விஷயம் வேறு இருந்ததில்லை. ஆனாலும் போவேன். மேலங்கியைக்கூடக் கழற்றாமல் குளியலறைத் தரையில் முழங்காலிட்டு, கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுபோய் வாசிப்பேன்.

இவர் ஒரு சரக்குக் களஞ்சியத்தில் வேலை செய்தவர். இலையுதிர் காலத்தில் ஒரு பெட்டியைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. வைத்தியர் முதலில் கொஞ்ச நாள் லீவு எழுதினார், பிறகு அதை நீட்டினார், பிறகு இன்னும் நீட்டினார். வீட்டில் இருந்து பழக்கமில்லாத மனிதர். நாள் முழுக்க ஜன்னலடியில் நின்று, எதிர்த் தொடர்மாடிக்காரர் கார் மேலுள்ள பனியைச் சுரண்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவரோடு வேலை செய்த ஒரு நோர்வேஜியர் வடக்கே வீடு மாறிப் போகமுன் இவரைப் பார்க்க வந்தார். வரும்போது அந்த வாளியையும், அதன் சாமான்களையும், பார்லி மோல்ட் பாகு அடைத்த இரண்டு பெரிய தகரங்களையும் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

“உது என்னத்துக்கு எங்களுக்கு?” என்று கேட்டேன்.

“சும்மா இருந்தா முதுகு இன்னும் நோகுது. இதையாவது செய்து பாப்பம்.”

“பொலிஸ் பிடிக்காதோ?”

“பியர் காய்ச்சலாம். சாராயம் வடிக்கத்தான் கூடாது. அவன் எல்லாம் சொல்லித்தான் தந்தவன்.”

இவர் குடிகாரர் அல்ல. கலியாணவீடு, பிறந்தநாள் என்று எங்காவது போனால் ஒரு கிளாஸ் எடுப்பார், அவ்வளவுதான். அந்த வாளியில் இவருக்குப் பிடித்தது குடிப்பதற்கு முன்னால் நடக்கிற சங்கதி என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. பாகைச் சுடுதண்ணீரில் கரைத்து, சீனி போட்டு, குளிர்தண்ணீர் விட்டு ஆற்றி, ஈஸ்ட் தூவமுன் அந்தக் கண்ணாடிக் குச்சியை மிதக்கவிட்டார்.

“இதுதான் நீர்மானி,” என்றார். “பள்ளிக்கூடத்தில சாரடர்த்தி எண்டு படிச்சது ஞாபகம் இருக்கோ? பச்சைத் தண்ணி எண்டால் ஆயிரம் காட்டும். சீனி கரைஞ்சிருந்தால் திரவம் பாரம், குச்சி மேல எழும்பி நிக்கும். ஈஸ்ட் சீனியைத் தின்னத் தின்னக் குச்சி தாழும். ஆயிரத்துப் பத்துக்குக் கிட்ட இறங்கி, மூண்டு நாளைக்கு ஒரே இலக்கம் நிண்டால் வேலை முடிஞ்சுது. அதுக்கு முதல் போத்தலில அடைச்சால் போத்தல் வெடிக்கும்.”

உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகம் போக முடியாமல் இங்கே வந்தவர். ‘சாரடர்த்தி’ என்ற சொல்லை நான் இருபது வருடத்துக்குப் பிறகு அன்றுதான் கேட்டேன். திரவம் கண்ணாடியைத் தொடுமிடத்தில் ஓரம் கொஞ்சம் மேலே ஏறி நிற்கும், நடுவில் தாழ்ந்திருக்கும், அந்தத் தாழ்ந்த இடத்தைத்தான் வாசிக்க வேண்டும் என்றார். குமிழிகள் குச்சியில் ஒட்டியிருந்தால் அது பொய்யாக உயரும் என்று மெல்லச் சுழற்றிவிட்டார். பிறகு குனிந்து பார்த்தார், கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“கோடுகள் சரியான சின்னன். நீர் பாரும்.”

ஆயிரத்து நாற்பத்தாறு. அன்று தொடங்கியது என் வேலை.

வாளிக்குக் குளியலறையை விட்டால் வேறு இடம் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் தரை சூடாக இருப்பது அங்கே மட்டும்தான். ஈஸ்டுக்குச் சூடு வேண்டும். மூடியில் பொருத்திய சிறு தண்ணீர்க் குழாய் வழியாகக் காற்று ‘புளுக், புளுக்’ என்று வெளியேறும். இவர் கழிப்பறை மூடியைச் சாத்தி அதில் உட்கார்ந்து, முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டு, அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். பதினான்கு வயது மகள் கதவைத் தட்டுவாள்.

“அப்பா, நான் குளிக்கவேணும். என்ர உடுப்பெல்லாம் பியர் மணக்குது. ஸ்கூலில எனக்கு ஃப்ளௌவா இருக்கு.”

வெட்கக்கேடு என்பதற்கு அவளுக்கு நோர்வேஜியச் சொல்தான் வரும். இவர் மெல்ல எழும்பி வருவார். அவள் குளித்து முடிந்ததும் மணம் போக ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் வருவாள்.

இலக்கம் முதலில் நன்றாக இறங்கியது. நாற்பத்தாறு, முப்பத்தெட்டு, முப்பது. வாசித்து முடிந்ததும் உருளையிலிருந்த பியரை இவர் திரும்ப வாளிக்குள் ஊற்றமாட்டார், கிருமி சேரும் என்று. கீழே கொட்டவும் மனம் வராது. குடித்துவிட்டு, “இன்னும் இனிக்குது,” என்பார். பிறகு இருபத்திரண்டில் வந்து நின்றது. அடுத்த நாளும் இருபத்திரண்டு. அதற்கடுத்த நாளும்.

அந்த வாரம் இல்லத்தில் இரண்டு பேர் சுகயீன லீவில் நின்றார்கள். அவர்களுடைய அறைகளும் என் தலையில் விழுந்தன. ஒரு பின்னேரம் நான் வந்தபோது குளியல் தொட்டி நிறையக் கழுவிய போத்தல்கள் அடுக்கியிருந்தன. இவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கனகாலமாகப் பார்த்ததில்லை.

“முடிஞ்சுது. ஆயிரத்து ரெண்டு. இண்டைக்கு நானே பாத்தனான்.”

நான் குனிந்து பார்த்தேன்.

“இல்லையப்பா. இருபத்திரண்டு.”

“வடிவாப் பாரும்.”

“வடிவாத்தான் பாக்கிறன். அதே இருபத்திரண்டுதான்.”

“நீர் களைச்சுப்போய் வந்து பிழையாப் பாக்கிறீர்.”

அந்த வார்த்தை எனக்குச் சுட்டது. “காலமையில இருந்து இலக்கம் பாத்துத்தான் எனக்குச் சம்பளம்,” என்றேன். “ஒருத்தரும் இதுவரைக்கும் நான் பிழையாப் பாத்தனான் எண்டு சொல்லேல்லை.”

குரல்கள் உயர்ந்தன. மகள் அறையிலிருந்து வந்து, எங்கள் இருவருக்கும் இடையில் குந்தி, கோட்டைப் பார்த்து நோர்வேஜிய மொழியில் இலக்கத்தைச் சொல்லிவிட்டு எழும்பிப் போனாள். ஆயிரத்து இருபத்திரண்டு.

இவர் கடையில் சுழல்கம்பியில் தொங்குகிற மலிவுக் கண்ணாடி ஒன்று வாங்கி வைத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். உருளையை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் திரும்ப அடுக்கத் தொடங்கினார்.

நான் குசினிக்குப் போய்ச் சோற்றுக்கு அரிசி கழுவினேன். நேற்று வாங்கிய தோடம்பழச் சாற்றுப் பெட்டி வெறுமையாகக் கழுவும் தொட்டியடியில் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் தண்ணீர் ஜக்கும் வெறுமை. அரிசிக்குள் கையை வைத்தபடி நின்றுவிட்டேன். இவர் இரவில் எத்தனை தடவை எழும்புகிறார், காற்சட்டையை இடுப்பில் எப்படி இழுத்து இழுத்து விடுகிறார், முந்தாநாள் தொலைக்காட்சியில் ஓடிய எழுத்தைத் தெளிவாக வாசித்தவர் இன்றைக்கு ஏன் இரண்டுக்கும் இருபத்திரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் நிற்கிறார் என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இல்லத்தில் ஒருவர் இப்படி இருந்திருந்தால் அன்றைக்கே தாதியிடம் சொல்லியிருப்பேன்.

சாப்பிடும்போது சொன்னேன். “உங்களுக்கு ஒருக்காச் சீனி பாக்கவேணும்.”

“எனக்கு முதுகுதான் வருத்தம்.”

“தாகமும் முதுகாலையோ வருது?”

“கதையை விடும்.” கோப்பையைத் தள்ளி வைத்தார். “எங்கட அப்பாவுக்குச் சீனி வருத்தம் எண்டு சொன்ன நாளில இருந்து அவர் மனுசனா இருக்கேல்லை. பிறகு காலையும் எடுத்தாங்கள். முதுகு ஒண்டு காணும் எனக்கு.”

அதற்கு மேல் வற்புறுத்த எனக்குத் தெம்பில்லை. படுத்துவிட்டேன்.

சனிக்கிழமைகளில் மகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப் போவேன். பிள்ளைகள் வகுப்பில் இருக்க, நாங்கள் தாய்மார் வகுப்புக்கு வெளியே கூடத்தில் கதிரைகள் போட்டு உட்கார்ந்து தேநீர் குடிப்போம். ஸ்டோவ்னரில் இருக்கிற ஒரு அக்கா எப்போதும் ஊர்ப் புதினம் எல்லாம் அறிந்தவர். அன்று எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“உங்கட வீட்டில பியர் காய்ச்சுறாராமே? மெய்யே?”

யார் சொல்லியிருப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை. மகளின் உடுப்பே சொல்லியிருக்கும். வேறு நாள் என்றால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன். அன்றைக்கு மழுப்பவும் களைப்பாக இருந்தது.

“ஓம் அக்கா, காய்ச்சுறார். நான்தான் அளந்து குடுக்கிறனான்.”

அவர் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அவருடைய கணவருக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம் என்பது எனக்குத் தெரியும். நான் கேட்டேன்.

“அக்கா, அண்ணைக்குத் தொடங்கேக்கை எப்பிடி இருந்தது? கண் மங்கினதோ?”

அவர் முகம் மாறிவிட்டது. கோப்பையைக் கீழே வைத்தார். “ஏன், உங்கட இவருக்கோ?” நான் எல்லாவற்றையும் சொன்னேன். தாகம், எழும்புதல், மெலிவு, ஆயிரத்து இரண்டு. அவர் இடைமறிக்காமல் கேட்டார்.

“எங்கட மனுசன் கார் ஓடேக்கை பலகை வாசிக்க ஏலாமல்தான் எனக்குத் தெரிய வந்தது. என்னட்டை சீனி பாக்கிற ஒரு பழைய மீற்றர் சும்மா கிடக்கு. பள்ளி முடிய வீட்டை வாங்கோ, தாறன். ஊசி, பட்டி எல்லாம் இருக்கு. அவர் மாட்டன் எண்டுதான் சொல்லுவார். விடாதேங்கோ.”

ஸ்டோவ்னருக்குப் போய் அதை வாங்கிக்கொண்டு வந்தேன். பியரைப் பற்றி அவர் பிறகு யாரிடமும் ஒரு சொல் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

இதற்கிடையில் இலக்கம் நகராததற்குக் காரணத்தை இவர் கண்டுபிடித்திருந்தார். மகள் திறந்துவிட்ட ஜன்னல் பல நாள் பாதி திறந்தபடியே கிடந்திருக்கிறது. வெளிக்குளிர் நேராக வாளியில் விழ, ஈஸ்ட் விறைத்துப்போய்க் கிடந்தது. இவர் ஜன்னலைச் சாத்தி, வாளியைப் பழைய போர்வையால் சுற்றி, கரண்டியைக் கொதிநீரில் கழுவி அடியை மெல்லக் கிளறிவிட்டார். மகளைத் திட்டவில்லை. மறுநாளே ‘புளுக், புளுக்’ மறுபடியும் தொடங்கியது.

சில நாள் கழித்து நான் வேலையால் வந்தபோது வழக்கம்போலக் கூப்பிட்டார். போனேன். உருளை தரையில் தயாராக இருந்தது. அன்று காலை ஒரு கிழவர் குளியலறையில் வழுக்கி என் மேல் சாய்ந்ததில் என் தோள்மூட்டு நொந்துகொண்டிருந்தது. எனக்கு முழங்காலிட முடியவில்லை. தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தேன். மீற்றர் மேலங்கிப் பையில் சனிக்கிழமையிலிருந்தே கிடந்தது. எடுத்து மடியில் வைத்தேன்.

“முதலில விரலைத் தாங்கோ,” என்றேன்.

“பியரைப் பாரும் முதல்.”

“விரல் தந்தால்தான் பாப்பன்.”

“என்ன, பேரம் பேசுறீரோ?”

“எனக்கு ஏலாது, அப்பா. தெரியாத ஆக்கள் எல்லாருக்கும் குத்திப் பாத்திட்டு வாறன். வீட்டை வந்து பியருக்குச் சீனி பாக்கிறன். உங்களுக்கு மட்டும் பாக்கக்கூடாது எண்டால் நான் பிறகு என்னத்துக்கு?”

திட்டமிட்டுச் சொன்னதல்ல அது. இவர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு நீட்டுவது போல முழுக் கையையும் நீட்டினார். நான் மோதிர விரலின் ஓரத்தில் குத்தினேன். துளியைப் பட்டியில் தொட்டேன். இருவரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பத்தொன்பது புள்ளி எட்டு.

“கூடவோ?”

“கூட. சரியான கூட. ஏழுக்குள்ளை நிக்கவேணும்.”

அவர் விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

“சரி, இப்ப அதைப் பாரும்,” என்றார் மெல்ல.

ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்தேன். பதினான்கு. இறங்கத் தொடங்கியிருந்தது. சொன்னேன். அவர் தலையாட்டினார். அன்றைக்கு உருளையிலிருந்ததைக் குடிக்காமல் கைகழுவும் தொட்டியில் ஊற்றினார்.

மறுநாள் வேலையிடத்துக்கு அழைத்து, வரமுடியாது என்று சொன்னேன். பொறுப்பாளர் தொலைபேசியில் பெருமூச்சு விட்டது கேட்டது. குடும்ப வைத்தியர் இளம்பெண். இரத்தம் எடுத்து, சிறுநீர் எடுத்து, கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தபின், “மது அருந்துவீர்களா?” என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

“அருந்துவதில்லை. காய்ச்சுகிறேன்,” என்றார் இவர். “அளக்கும் குழாயில் இருப்பதை மட்டும் குடிக்கிறேன்.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது, ஆனால் சிரிக்கத் தொடங்கினால் அழுதுவிடுவேன் என்று வெளியே பார்த்தேன். ஊசி தேவைப்படாது, குளிசையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் நடையும் போதும் என்றார். இரத்தத்தில் சீனி ஏறி இறங்குவதால்தான் கண் ஒரு நாள் தெரிந்து ஒரு நாள் மங்குகிறது, சீனி கட்டுக்குள் வந்த பிறகும் சில வாரம் தடுமாறும், அதுவரை புதுக் கண்ணாடி வாங்க வேண்டாம் என்றும் சொன்னார். கால் எடுக்க நேருமா என்று இவர் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். “இவ்வளவு நேரத்தோடு வந்தவருக்கு அந்தப் பயம் வேண்டாம்,” என்றார். பேருந்துத் தரிப்பில் இவர் என் பையைத் தான் வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பியர் பதினொன்றில் வந்து நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போத்தலில் அடைத்தோம். போத்தலுக்குள் நுரை வருவதற்கு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சீனி போடவேண்டும். இவருக்குக் கண் இன்னும் சரிவராததால் நான் சீனி போட, இவர் குழாயைப் பிடிக்க, மகள் மூடி அடித்தாள். அவளுக்கு அந்த மூடி அடிக்கிற கருவி பிடித்துப்போனது, அதனால் மணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு போத்தலும் வெடிக்கவில்லை.

ஈஸ்டர் விடுமுறைக்கு இவருடைய சிநேகிதர்கள் மூன்று பேர் வந்தார்கள். ஊரில் போர்நிறுத்தம் இருந்த காலம். யார் யார் போய்வந்தார்கள், பாதை திறந்திருக்கிறதா, இது நிலைக்குமா என்பதுதான் எல்லோர் வீட்டிலும் பேச்சு. நான் கத்தரிக்காய்ப் பொரியலும் இறைச்சியும் வைத்துக் கொடுத்துவிட்டு, அறைக்குள் போய்க் காலைத் தலையணை மேல் தூக்கிப் போட்டுப் படுத்தேன். கதவைச் சாத்தவில்லை. மட்டக்களப்புக்காரர் ஒருவர் இருந்தார், மனதில் பட்டதைச் சொல்பவர்.

“அண்ணன், குறை நினைக்கப்படாது. கொஞ்சம் புளிக்கிது. ஆனா கடைப் பியரை விட இது பறவாயில்ல.”

“அது இடையில விறைச்சுப்போச்சு,” என்று இவர் தொடங்கினார். நீர்மானி, ஜன்னல், போர்வை, இருபத்திரண்டு எல்லாம் வந்தது. விரலில் குத்தியது வரவில்லை. பேச்சுவார்த்தையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தவர்களை நிறுத்தி ஒரு பியரின் அடர்த்தியைப் பற்றி அவ்வளவு நேரம் கேட்க வைத்துவிட்டார். தனக்கு ஊற்றிய ஒரு கிளாஸை முழுப் பொழுதும் வைத்திருந்திருக்கிறார். அவர்கள் போனபின் மேசையைத் துடைக்கும்போது பாதி மிச்சம் இருந்தது.

வசந்தத்தில் பாதி நேர வேலைக்குத் திரும்பினார். தூக்குகிற வேலையை விட்டு, சாமான் வந்து போவதைப் பதிகிற மேசையில் இருத்தினார்கள். கண்ணும் தெளிந்தது, அதைத் தானே ஒரு நாள் கோட்டை வாசித்து மகளிடம் சரிபார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு தடவை காய்ச்சினார். என்னைக் கூப்பிடவில்லை.

அதனால் எனக்கு ஓய்வு கிடைத்தது என்று சொல்ல முடியாது. இல்லத்தில் ஆட்களைக் குறைத்தார்கள், அறைகள் கூடின. இவர் சீனி பார்க்கிற வழக்கத்தை ஒரு விஞ்ஞானமாக எடுத்துக்கொண்டார். நாள்தோறும் மதியச் சாப்பாட்டுக்கு முன் பார்த்துவிட்டு எனக்கு அழைப்பார். அது நான் ஊட்டிக்கொண்டிருக்கிற நேரம். கைத்தொலைபேசியைச் சீருடைப் பையில் வைத்திருக்கக் கூடாது, ஆனால் வைத்திருப்பேன்.

“எட்டுப் புள்ளி ஆறு.”

“நேற்றையை விடக் கூட.”

“நேற்று நடந்தனான், இண்டைக்கு மழை.”

“சரி, பின்னேரம் நடவுங்கோ. வைக்கிறன்.”

ஒரு நாள், நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டிருந்த பாட்டி யாரது என்று கேட்டாள். என் கணவர் என்றேன்.

“சாப்பாடு என்னவென்று கேட்கிறாரா?”

“இல்லை. தான் எப்படி இருக்கிறார் என்று சொல்கிறார்.”

“என்னுடையவர் ஒரு நாளும் சொன்னதில்லை,” என்று சொல்லிவிட்டு அவள் வாயைத் திறந்தாள். நான் அடுத்த கரண்டிச் சூப்பை ஊதி ஆற்றினேன்.